இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை: சாங்கியில் இறங்கி ரயிலேற

ஊரிலிருந்து யாராவது முதல்முறை சிங்கப்பூர் வருகிறார்கள் என்றால் ஒரு வாரம் முன்னாலேயே எனக்கு ஃபோன் வந்துவிடும். விசா, வாடகை எல்லாம் பேசி முடித்தபிறகு கடைசியில் அந்தக் கேள்வி வரும்: "ஏர்போர்ட்லேருந்து ரயில்லயே வந்துடலாமா? டாக்சிக்கு எதுக்கு தண்டமா காசு?" வந்துவிடலாம். சாங்கி விமான நிலையத்துக்குள்ளேயே எம்ஆர்டி, அதாவது இங்கத்து மெட்ரோ ரயில், நிலையம் இருக்கிறது, 2002லிருந்து ஓடுகிறது, லிட்டில் இந்தியா இருக்கிற தேக்கா வரை வர இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகும் (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம், சென்ட்டைக் காசு என்போம், பழகிக்கொள்ளுங்கள்). ஆனால் கைவீசி வருகிறவனுக்கான வழியும் இரண்டு பெட்டி இழுத்து வருகிறவனுக்கான வழியும் ஒன்றில்லை. வரைபடத்தைப் பார்த்தால் அது தெரியாது.

நான் 2018இல் வந்தபோது 23 கிலோ பெட்டி ஒன்று, அதைவிடச் சின்னது ஒன்று, முதுகில் லேப்டாப் பை. பெரிய பெட்டியில் பாதி இட்லிப் பொடி, புளி, ஊறுகாய். இங்கே எல்லாம் கிடைக்கும் என்று சொன்னால் அம்மா நம்பவில்லை. உறவுக்கார அண்ணன் ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்: "எக்ஸ்போவுல இறங்கி நீலக் கலர் ரயில் ஏறு தம்பி, நேரா லிட்டில் இந்தியா, வேற எங்கயும் மாற வேணாம்." அப்படியே செய்தேன். ரயில் போகிறது, போகிறது, ஜாலான் புசார் தாண்டிச் சைனாடவுன் என்கிறது, பேஃபிரண்ட் என்கிறது, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியா வந்தது. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன், எக்ஸ்போவிலிருந்து 23 நிறுத்தம். நடுவில் விட்ட ஜாலான் புசாரில் இறங்கியிருந்தால் தேக்கா பக்கம் நடந்தே போயிருக்கலாம். அண்ணன்மேல் அப்படி ஒரு கோபம். ஆனால் இன்றைக்கு, கைக்குழந்தையோடும் நாலு பெட்டியோடும் வருகிற குடும்பத்துக்கு நானே சில சமயம் அந்தச் சுற்றுவழியைச் சொல்கிறேன். ஏன் என்று கீழே வருகிறது.

விமானம் ஏறுவதற்கு முன்னால் இரண்டு வேலை

முதலாவது எஸ்ஜி அரைவல் கார்டு. சிங்கப்பூர் வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும், இலவசம். காசு கேட்கிற தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்றால் அது அரசுத் தளமில்லை, வெளியே வந்துவிடுங்கள். இதை முடிக்காமல் வந்து வரிசையில் நின்றபடி ஃபோனில் தட்டிக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் போய்விடும், அந்த அரைமணி ரயில் கூட்டத்தில் எப்படிப் பழிவாங்கும் என்பது பின்னால் புரியும்.

இரண்டாவது உங்கள் வங்கி அட்டை. இங்கே ரயில் நிலையத்தின் டிக்கெட் கதவில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை நேரடியாகத் தட்டிப் போகலாம், தனியாக டிக்கெட் தேவையில்லை. ஆனால் இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் கான்டாக்ட்லெஸ் வசதியும் நாமாகத் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும், 2020லிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. வங்கியின் ஆப்பில் போய் இரண்டையும் திறந்துவிட்டு வாருங்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் இதை ஊரிலேயே செய்வது நல்லது. இங்கே வந்து, சிம் மாற்றிவிட்டு, ரயில் கதவு முன்னால் நின்றுகொண்டு செய்ய முடியாது. வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், முதல்நாள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு ஆளுக்கு ஓர் அட்டை. இதில்தான் குடும்பமாக வருகிறவர்கள் மாட்டுகிறார்கள். கணவர் தட்டி உள்ளே போய்விட்டு, அதே அட்டையை வேலிக்கு மேலே நீட்டி மனைவியிடம் கொடுத்தால் கதவு திறக்காது. ஏறும்போது எதைத் தட்டினீர்களோ இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். அட்டையைத் தட்டி ஏறி, அதே அட்டை இருக்கிற ஃபோனைத் தட்டி இறங்கினால் கணினிக்கு அது வேறு ஆள். அட்டை இல்லாதவர்களுக்கு நிலையத்தில் இருக்கும் டிக்கெட் முகப்பில் ஈசி-லிங்க் கார்டு வாங்கலாம், அதில் ஒரு பகுதி கார்டின் விலை, திரும்ப வராது, மீதி பயணத்துக்கு. ஒருமுறைப் பயணத்துக்கான காகித டிக்கெட்டைத் தேடி அலையாதீர்கள், 2022லேயே அதை எடுத்துவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னமும் இயந்திரத்துக்கு முன்னால் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறேன். 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை பெரியவரோடு வந்தால் இலவசம்.

எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள்

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரவு கிளம்புகிற விமானங்கள் நிறைய. நாலு மணிநேரப் பயணம், அதோடு கடிகாரம் இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடிவிடும். பதினொன்றரைக்கு ஏறியவர் இங்கே காலை ஆறுமணி வாக்கில் இறங்குவார். குடிநுழைவு, பெட்டி, கழிவறை, வைஃபையில் வீட்டுக்கு ஒரு ஃபோன், எல்லாம் முடித்து ரயிலடிக்கு வரும்போது ஏழேகால். சிங்கப்பூரே வேலைக்குப் போகிற நேரம் அது. ஏழரையிலிருந்து ஒன்பது வரை நகரத்தை நோக்கிப் போகிற பச்சை ரயிலில் பெட்டியோடு ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், ஏறி நிற்பவர்களுக்கும் எரிச்சல். விமான நிலையத்தில் காலியாகத்தான் ஏறுவீர்கள், அதை நம்பிவிடாதீர்கள், தானா மேரா நிலையத்தில் பச்சைப் பாதைக்கு மாறும்போது வருகிற ரயில் ஏற்கெனவே தெம்பனிஸ், சீமெய் ஆட்களோடு நிரம்பி வரும்.

அதனால் இரண்டில் ஒன்று. எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது, மணி ஆறே முக்கால்தான் என்றால் உடனே ஓடிப்போய் ஏறிவிடுங்கள். இல்லையென்றால் அவசரமே வேண்டாம், விமான நிலையத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு ஒன்பதரைக்கு மேல் கிளம்புங்கள். உட்கார இடம், சார்ஜ் போட இடம், நல்ல கழிவறை எல்லாம் உண்டு. முனையங்களை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் அந்த 40 மீட்டர் உள்ளரங்க நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும், ஆனால் அதிகாலையில் தண்ணீர் விழாது, வெறும் கண்ணாடிக் கூரையைப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொரு நாள் வாருங்கள்.

சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரையும் கூட்டம்தான், ஆனால் அப்போது பெரும்பாலான ஆட்கள் நகரத்திலிருந்து வெளியே போவார்கள், நீங்கள் உள்ளே வருகிறீர்கள், காலை அளவுக்கு மோசமில்லை. ஞாயிறு மாலையில் லிட்டில் இந்தியா நிலையம் மட்டும் விதிவிலக்கு. வாரம் முழுக்க உழைத்துவிட்டு நம் ஆட்களும் வங்காளதேசத்து ஆட்களும் கூடுகிற ஒரே நாள், நிலையத்திலும் வெளியே நடைபாதையிலும் கால்வைக்க இடமிருக்காது.

இரவு விமானம் என்றால் கணக்கு வேறு. நகரத்துக்குப் போகிற கடைசி ரயில் பதினொரு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே போய்விடும். பத்தரைக்கு மேல் இறங்கி, பெல்ட்டில் வரவேண்டிய பெட்டியும் இருந்தால் ரயிலை மறந்துவிடுங்கள். விமான நிலையத்தில் கடைசி ரயிலைப் பிடித்துவிட்டாலும் மாறுகிற இடத்தில் அடுத்த பாதையின் கடைசி ரயில் போயிருக்கலாம், அப்போது நடு ராத்திரியில் தெரியாத நிலையத்தில் பெட்டியோடு நிற்பீர்கள். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை டாக்சி மீட்டரில் பாதி கூடுதலாக ஏறும், விமான நிலையத்திலிருந்து ஏறுவதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. இருந்தாலும் அன்றைக்கு அதுதான் சரி. காலை முதல் ரயில் ஐந்தரை வாக்கில், ஞாயிறும் பொது விடுமுறையும் இன்னும் கொஞ்சம் தாமதம்.

முனையத்திலிருந்து ரயிலடிக்கு

எந்த முனையத்தில் இறங்குகிறீர்கள் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள். ரயில் நிலையம் இரண்டாவது, மூன்றாவது முனையங்களுக்கு நடுவில் பூமிக்கு அடியில் இருக்கிறது. அந்த இரண்டில் இறங்கியவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள், வெளியே வந்ததும் 'டிரெய்ன் டு சிட்டி' என்கிற பலகையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கினால் போதும்.

முதல் முனையம் என்றால் ஸ்கைடிரெய்ன் என்கிற சின்ன ரயில், இலவசம், இரண்டுக்கோ மூன்றுக்கோ கொண்டுபோய் விடும். அல்லது ஜுவல் வழியாகப் பாலத்தில் நடக்கலாம். தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும், தரை வழவழவென்று இருக்கும், ஏறி இறங்கத் தேவையில்லை. நான்காவது முனையம் தனியாக ஒதுங்கி இருக்கிறது, 2017இல் திறந்தது. அங்கிருந்து இலவசப் பேருந்து மூன்றாவது முனையத்துக்கு வரும், அங்கே இறங்கி அப்புறம் ரயிலடி. நான்கில் இறங்குகிறவர்கள் இதற்கென்று அரைமணி தனியாக ஒதுக்குங்கள், பேருந்தில் பெட்டியை நீங்கள்தான் தூக்கி ஏற்ற வேண்டும்.

தள்ளுவண்டியை முடிந்தவரை கொண்டுவாருங்கள், டிக்கெட் கதவுக்குள் மட்டும் அது வராது. அதை விடும் இடத்தில்தான் உங்கள் உண்மையான சுமை என்ன என்று தெரியும். இங்கே நின்று ஒரு சோதனை செய்யுங்கள்: உங்கள் எல்லாப் பெட்டியையும் பையையும் யார் உதவியும் இல்லாமல் ஒரே நேரத்தில் ஐம்பது அடி நகர்த்த முடிகிறதா? ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை நகர்த்தித் திரும்பி வந்து எடுக்கவேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் ரயிலுக்கான ஆள் இல்லை, வெட்கப்படாமல் மேலே போய் டாக்சி பிடியுங்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி கொண்டுவருகிறவர்களுக்கும் இதேதான். அட்டைப்பெட்டிக்குச் சக்கரம் கிடையாது, அதைத் தூக்கிக்கொண்டு மூன்று நிலையம் ஏறி இறங்கியபின் கயிறு விரலை அறுத்திருக்கும்.

டிக்கெட் கதவில் நுழையும்போது அகலமான வழி ஒன்று ஓரத்தில் இருக்கும், சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் வைத்தது, பெட்டிக்காரர்களும் அதில்தான் போக வேண்டும். குறுகலான கதவில் பெட்டியை முன்னால் தள்ளி அது மாட்டி, கதவு மூடி, பின்னால் நிற்பவர் நாக்கைச் சொடுக்குவார். பெட்டியை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள், இழுத்துக்கொண்டு போனால் உங்களுக்குப் பின்னால் கதவு மூடிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே மாறுவது

சாங்கி நிலையத்திலிருந்து ஒரே ஒரு கிளைப்பாதைதான். அதில் இரண்டே நிறுத்தம்: எக்ஸ்போ, அப்புறம் தானா மேரா. எங்கே போவதென்றாலும் இந்த இரண்டில் ஒன்றில் மாறியே ஆகவேண்டும். எக்ஸ்போவில் நீல நிற டௌன்டவுன் பாதை, தானா மேராவில் பச்சை நிறக் கிழக்கு மேற்குப் பாதை.

தேக்காவுக்கு வேகமான வழி: தானா மேராவில் மாறி, துவாஸ் லிங்க் போகிற பச்சை ரயிலில் ஏறி, எட்டாவது நிறுத்தமான பூகிஸில் இறங்கி, அங்கே நீலப் பாதைக்கு மாறி, ரோச்சோர் அடுத்து லிட்டில் இந்தியா. நிறுத்தம் குறைவு. ஆனால் இரண்டு மாற்றம், அதிலும் பூகிஸில் பச்சையிலிருந்து நீலத்துக்குப் போக நல்ல நடை இருக்கிறது, கீழே இறங்க வேண்டும், லிஃப்டைத் தேட வேண்டும். கையில் ஒரு பெட்டியோடு வருகிற தனி ஆள் என்றால் இதுவே நல்ல வழி, வேறு யோசிக்காதீர்கள்.

நான் போன வழி: எக்ஸ்போவில் மட்டும் மாறி நீலத்திலேயே உட்கார்ந்து வருவது. 23 நிறுத்தம், ஆனால் மாற்றம் ஒன்று. எக்ஸ்போவில் விமான நிலைய ரயில் மேலே உயரத்தில் நிற்கும், நீல ரயில் பூமிக்கடியில், அதனால் லிஃப்டில் நிறைய இறங்க வேண்டியிருக்கும். ஆனால் எக்ஸ்போ நீலப் பாதையின் கோடி நிலையங்களில் ஒன்றாக இருப்பதால் கூட்டமில்லாத நேரத்தில் உட்கார இடம் கிடைத்துவிடும், பெட்டியை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு தூங்கியே வரலாம். இந்த ரயிலுக்கு மூன்றே ரயில்பெட்டி என்பதால் காலைக் கூட்டத்தில் மட்டும் இதைத் தொடவேண்டாம். ராத்திரி முழுக்கத் தூங்காமல், குழந்தை தோளில், பெட்டி இரண்டு கையிலும் என்று வருகிறவருக்கு இருபது நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருப்பது ஒன்றுமே இல்லை, இன்னொரு முறை லிஃப்ட் தேடுவதுதான் கொடுமை. அன்றைக்கு அண்ணன்மேல் கோபப்பட்டபோது எனக்கு வயது 26, தூக்கம் தேவையில்லாத வயது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் சொல்வது இதைத்தான். தானா மேராவில் மாறிப் பூகிஸ் வரை ரயிலில் வந்து, வெளியே ஏறி, அங்கிருந்து வீட்டு வாசலுக்கு டாக்சியோ, ஃபோன் ஆப்பில் கூப்பிடுகிற கிராப் காரோ பிடித்துவிடுவது. விமான நிலையக் கூடுதல் கட்டணம் இல்லை, தூரமும் குறைவு, நிலையத்திலிருந்து வீடுவரை வெயிலில் பெட்டி இழுக்கும் வேலையும் மிச்சம். முழு டாக்சிக்கும் முழு ரயிலுக்கும் நடுவில் இப்படி ஒன்று இருப்பதே நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. தைப்பூசத்தன்று மட்டும் இதைச் செய்யாதீர்கள், சிராங்கூன் சாலையில் பெருமாள் கோவிலிலிருந்து காவடி ஊர்வலம் போகும், சாலையில் பாதி மூடியிருக்கும், அன்று கடைசிவரை ரயில்தான்.

ஊட்ரம் பார்க் போய் ஊதா நிற வடகிழக்குப் பாதைக்கு மாறச் சொல்லி ஃபோனில் வழி சொல்லும் ஆப் காட்டினால் தேக்காவுக்காக அதைக் கேட்காதீர்கள், அந்த நிலையத்தின் உள்ளே நடப்பதே ஒரு பயணம். டோபி காட்டும் அப்படித்தான், மூன்று பாதை சேருகிற இடம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்கலேட்டர்மேல் எஸ்கலேட்டர். ஃபேரர் பார்க்கில், முஸ்தபா கடைப் பக்கம், அறை எடுத்திருக்கிறவர்கள் லிட்டில் இந்தியாவில் இறங்கி ஒரு நிறுத்தத்துக்காக ஊதா ரயிலுக்கு மாறவேண்டாம், பூகிஸிலிருந்து டாக்சி பிடியுங்கள், அல்லது பெட்டி இலேசு என்றால் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துவிடுங்கள்.

மற்ற ஊர்களுக்குச் சுருக்கமாக. ஜூரோங் ஈஸ்ட், பூன் லே, பயனியர் போகிறவர்களுக்கு, அதாவது நன்யாங் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கும், தானா மேராவில் மாறிய பச்சை ரயிலே கடைசிவரை போகும், ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகலாம், ஆனால் ஒரே மாற்றம், பெட்டியோடு இதைவிட எளிதான பயணம் கிடையாது. தெம்பனிஸ் என்றால் எக்ஸ்போவில் நீலத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம். பொங்கோல், செங்காங், உட்லண்ட்ஸ், யீஷூன் ஆட்கள் ஆப்பில் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு மாற்றத்துக்கு மேல் வந்தால் கைவிட்டுவிடுங்கள். விமான நிலையத்திலிருந்தே பொங்கோலுக்கு 34, ஹவ்காங்குக்கு 27, உட்லண்ட்ஸுக்கு 858 என்று பேருந்து உண்டு. சுற்றிச்சுற்றித்தான் போகும், பெரிய பெட்டி இருந்தால் அதிலும் ஏறவேண்டாம், ஆனால் ஒரு கேபின் பெட்டியோடு வருகிறவருக்கு மாற்றமே இல்லாமல் வீட்டுப்பக்கம் இறங்கிக்கொள்ளலாம்.

தானா மேராவில் ஒரு எச்சரிக்கை. இறங்கியதும் எதிரே நிற்கிற ரயிலில் பாய்ந்து ஏறிவிடாதீர்கள், ஒரு ரயில் துவாஸ் லிங்க், அதாவது நகரப் பக்கம். இன்னொன்று பாசிர் ரிஸ், எதிர்ப்பக்கம். கதவுக்கு மேலே தலைப்புப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயர் ஓடும், அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். ரயில் ஒன்று போனால் சில நிமிடத்தில் அடுத்தது வரும், இங்கே ஓடிப்பிடிக்க வேண்டிய ரயில் என்று எதுவுமில்லை (கடைசி ரயிலைத் தவிர). நிலையத்துக்கெல்லாம் எழுத்தும் எண்ணும் இருக்கும், பெயர் வாயில் நுழையவில்லை என்றால் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், நகரத்தை நோக்கிப் போகும்போது பச்சைப் பாதையில் எண் ஏறிக்கொண்டே போகும். தானா மேரா 4, பூகிஸ் 12. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் தப்பான திசையில் போவதை ஒரே நிறுத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

லிஃப்ட், ரயிலுக்குள்ளே, வெளியே

லிஃப்டைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாத விஷயம், அது பெரும்பாலும் இரண்டு துண்டு. நடைமேடையிலிருந்து டிக்கெட் கதவு இருக்கிற தளத்துக்கு ஒன்று, அங்கிருந்து சாலைக்கு இன்னொன்று. இரண்டாவது லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. வாசல்களுக்குப் பெரும்பாலும் ஏ, பி, சி என்று பெயர், வரைபடப் பலகையில் எந்த வாசலில் லிஃப்ட் படம் போட்டிருக்கிறதோ அதில் போங்கள், வீட்டுக்குப் பக்கத்து வாசல் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, தரைமட்டத்தில் பெட்டி இழுப்பது படியில் தூக்குவதைவிட எத்தனையோ மேல். உங்களைக் கூப்பிட வருகிறவரிடமும் நிலையத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் வாசல் எழுத்தையும் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம் நின்று "எங்கடா இருக்கே" என்று பத்து நிமிடம் கத்திக்கொண்டிருப்பீர்கள். லிஃப்டில் முதியவர், சக்கர நாற்காலி, தள்ளுவண்டிக் குழந்தைகள் முதலில், பெட்டி அப்புறம். எஸ்கலேட்டரில் பெரிய பெட்டியோடு ஏறவே வேண்டாம். வேறு வழியில்லாமல் ஏறினால் இடதுபக்கம் ஒட்டி நில்லுங்கள், வலதுபக்கம் நடக்கிறவர்களுக்கு.

ரயிலில் பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது. நம் ஊர் ரயில் மாதிரி சீட்டுக்கடியில் தள்ளவும் முடியாது, மேலே தட்டும் இல்லை. ரயிலின் முதல் அல்லது கடைசி ரயில்பெட்டியில் கோடியில் நின்றுகொண்டால் சுவரோடு சாத்திக்கொள்ளலாம், கதவு வாசலை மட்டும் மறிக்காதீர்கள். நாலு சக்கரப் பெட்டிதான் இங்கே வில்லன். பிரேக் போட்டதும் தானாக ஓடும், நான் கையை விட்ட அரை நொடியில் என் பெட்டி ஒரு சீனப் பாட்டியின் காலடிவரை போய் நின்றது, அவர் அதைக் காலால் நிறுத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. படுக்கவைத்துவிடுங்கள், அல்லது இரண்டு காலுக்கிடையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது, 500 வெள்ளிவரை அபராதம். தண்ணீரும் அதில் சேர்த்திதான். ஊரிலிருந்து கட்டிவந்த புளியோதரை பையில் இருக்கலாம், திறக்கத்தான் கூடாது. பசியோடு இருக்கிற குழந்தைக்கு விமான நிலையத்திலேயே ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து பெட்டியைக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். 'எக்ஸ்கியூஸ் மீ' என்று ஒருமுறை சொன்னால் போதும், ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். குடும்பமாக வந்தால் முதலில் ஒரு பெரியவர் வெறுங்கையோடு இறங்கி நிற்க வேண்டும், அப்புறம் குழந்தைகள், அப்புறம் பெட்டி, கடைசியில் இன்னொரு பெரியவர். இந்த வரிசையை ரயிலேறும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கதவு மூடும்போது பீப் பீப் என்று சத்தம் வரும், அதற்குமேல் யாரும் நுழையவோ பெட்டியைத் திணிக்கவோ வேண்டாம். யாராவது ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், மற்றவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேர்ந்துகொள்ளலாம். இருவரும் ஒரே நேரத்தில் தேடிக் கிளம்பினால் எதிரெதிர் ரயிலில் கையாட்டிக்கொண்டு போவீர்கள்.

வழி தெரியவில்லை என்றால் டிக்கெட் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி அறையில் கேளுங்கள். தமிழ் தெரிந்த ஊழியர் இருப்பது அப்படியொன்றும் அரிதில்லை. என்னை அன்றைக்கு லிட்டில் இந்தியாவில் சரியான லிஃப்டுக்கு அனுப்பிவைத்தவர் ஓர் அக்கா. பெட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், "தம்பி, எக்ஸ்போவுல ஏறுனீங்களா?" என்றார்.

திரும்பிப் போகும்போது இதே வழிதான், ஒரே ஒரு வித்தியாசம்: பாசிர் ரிஸ் என்று எழுதிய ரயிலில் வந்து தானா மேராவில் மறக்காமல் இறங்க வேண்டும், அசந்து உட்கார்ந்திருந்தால் அடுத்தது சீமெய். நான்காவது முனையத்திலிருந்து விமானம் என்றால் மூன்றாவதிலிருந்து பேருந்து பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும்போது பெட்டி வந்ததைவிடக் கனமாகத்தான் இருக்கும், முஸ்தபா பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அதனால் அன்றைக்கு மட்டும் டாக்சிக்கு எடுத்து வையுங்கள்.